காரை ஊதச் சொன்ன அப்பா

என் அப்பா ஒரு காரின் பின்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, அதன் புகைக்குழாய்க்கு நேராக மூக்கை நீட்டி, "ம்... ஊது" என்று சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

பட்டு வேட்டி, சரிகைத் துண்டு, நெற்றி நிறைய விபூதி. அவரைச் சுற்றி நாதஸ்வரக்காரர்கள், தவில்காரர், தலையில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிய நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் சின்னாளபட்டியில் எங்கள் தெரு மொத்தமும். அந்தக் கார் ஊதுவதைப் பொறுத்துத்தான் மறுநாள் காலையில் கல்யாணம் உண்டா இல்லையா என்பது முடிவாக வேண்டும்.

யாருக்குக் கல்யாணம் என்கிறீர்களா? எனக்குத்தான். அந்தக் காரில் வந்து இறங்கியவர்தான் மாப்பிள்ளை.

"ஊர்க்கதையெல்லாம் எழுதுகிறீர்கள், வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டேன் என்கிறீர்களே" என்று வடமதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். வாசகியம்மா, அவரைப் பற்றி எழுதுவதென்றால் கரும்பிலிருந்து தொடங்க வேண்டும். கரும்பில் தொடங்கினால் அது என் அப்பாவின் மூக்கில்தான் போய் முடியும். அதனால்தான் இத்தனை வாரம் தள்ளிப்போட்டேன். வீட்டுக்காரர் "எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டார். அப்பாவிடம் இனிமேல் கேட்க முடியாது. மேலே இருந்து படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்.

சாயத்தொட்டியில் வளர்ந்த மூக்கு

அப்பாவுக்குச் சாயப்பட்டறை. சுங்குடிச் சேலைக்கு வேண்டிய துணியும் நூலும் எங்கள் பட்டறையில்தான் நிறம் ஏறும். சாயம் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க மற்றவர்கள் ஒரு நூலை முக்கி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். அப்பா அதெல்லாம் செய்யமாட்டார். தொட்டியின் விளிம்பில் குனிவார், ஒரு மூச்சு இழுப்பார், "இன்னும் செத்த நேரம் ஆகணும்" என்பார். அவர் சொன்னபடிதான் இருக்கும்.

வீட்டில் அதே மூக்கோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். தெருமுனையில் வரும்போதே "சாம்பாருல காயம் போடலியா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். பால் நாளைக்குத்தான் கெடப்போகிறது என்றால் இன்றைக்கே சொல்லிவிடுவார்.

பெரியப்பா ஒருவர் இருந்தார், அப்பாவுக்கு மூத்தவர். அவர் குடித்தே தறியை விற்றார், பிறகு வீட்டை விற்றார், கடைசியில் ஒரு மழைநாளில் வாய்க்கால் ஓரத்தில் கிடந்து செத்துப்போனார். அப்பா அன்றிலிருந்துதான் இப்படி ஆனார் என்று அம்மா சொல்வாள். பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் 'ஒழுக்கச் சபை' என்று ஒன்றை ஆரம்பித்தார். குடிப்பதில்லை என்று கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்தவர்கள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அங்கே வரவேண்டும். வந்து அப்பா முன்னால் ஊத வேண்டும்.

சபைக்கு விதி ஒன்றே ஒன்றுதான். ஊதி மாட்டிக்கொண்டவன் கோயில் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சேந்தி, போட்ட துணியோடு தலையில் ஊற்றிக்கொண்டு, மறுபடி சத்தியம் செய்ய வேண்டும். யாராவது காரணம் சொல்ல வாயைத் திறந்தால் அப்பா கையைக் காட்டுவார். "பேச்செல்லாம் வேணாம். ஊது."

எங்கள் பட்டறையில் சாயம் முக்குகிற கருப்பையா அண்ணன்தான் சபையிலேயே அதிகம் குளித்தவர். சம்பள நாளன்று அவர் மாற்று வேட்டியை இடுப்பில் சுற்றிக்கொண்டேதான் சபைக்கு வருவார். அவ்வளவு நேர்மையான மனிதர்.

கேசரி என் பங்குக்கு வந்தது

என்னைப் பெண் பார்க்க முதலில் வந்தவர் சாணார்பட்டிக்காரர். பூந்தோட்டம், கிணறு, நல்ல குடும்பம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவரை அப்பா "வாங்க தம்பி" என்று தோளில் கை வைத்து அழைத்தார். அழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, ஊதுங்க."

அந்த மனிதர் திகைத்துப்போய், "இல்லங்கய்யா, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பேச்செல்லாம் வேணாம். ஊதுங்க."

ஊதினார். அவ்வளவுதான். பஜ்ஜித் தட்டு அடுப்படியைத் தாண்டுவதற்குள் அவர்கள் வண்டி தெருவைத் தாண்டிவிட்டது. அந்தப் பையனுக்கு அஜீரணம், கிளம்பும்போது அவருடைய அம்மா இரண்டு மூடி அரிஷ்டம் கொடுத்து அனுப்பியிருந்தார் என்பது பிற்பாடு தெரிந்தது. அரிஷ்டம் புளிக்க வைத்த மருந்து, வாயில் வாசம் வரத்தானே செய்யும்? அம்மா இதை எடுத்துச் சொன்னபோது அப்பா அசையவில்லை. "மருந்துன்னா மாத்திரையா முழுங்க வேண்டியதுதான? ஊதிட்டா ஊதுனதுதான்" என்றார். ஒருமுறை தீர்ப்புச் சொல்லிவிட்டால் அப்பா அதைத் திருப்பி வாங்கி நாங்கள் பார்த்ததில்லை.

எனக்கு வருத்தமா என்றால், இல்லை. கேசரி மொத்தமும் எனக்குத்தான் வந்தது. அந்த அரிஷ்டம் மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்குச் சாணார்பட்டியில் மல்லிகை பறித்துக்கொண்டிருப்பேன், இந்தக் கதையை எழுத ஆள் இருந்திருக்காது.

வண்டி குடிக்கும்

இரண்டாவதாக வந்தவர்தான் பாலு. சொந்த ஊர் வடமதுரை. திண்டுக்கல்லில் ஒரு பாலிடெக்னிக்கில் மோட்டார் பட்டறை வாத்தியார். வாசலிலேயே அப்பா ஊதச் சொன்னார், இவர் ஊதினார், வெற்றிலை வாசம். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்று பாலு கேட்டதும் அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்கட்டில் கிணற்றடியில் பேச விட்டார். காவலுக்கு அம்மா. அம்மா கறிவேப்பிலை உருவுகிற சாக்கில் காதை எங்கள் பக்கம் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிரணும்" என்றார் அவர். "நான் சாராயத்துல வண்டி ஓட்டுறேன்."

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "குடிச்சுட்டா?"

"ஐயையோ, நான் இல்லைங்க. வண்டி குடிக்கும்."

பிறகு அவர் பேசினார் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு! சர்க்கரை ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு கறுப்பாக ஒரு பாகு மிஞ்சுமாம். அதைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் ஸ்பிரிட் இறங்குமாம். அதை ஊற்றினால் கார் ஓடுமாம். பிரேசில் என்று ஒரு நாடு, அங்கே ஊர்ப்பட்ட கார் அதில்தான் ஓடுகிறதாம். அவருடைய கல்லூரிக்கு முறையாகப் பெர்மிட் வாங்கி ஒரு பீப்பாய் ஸ்பிரிட் வந்திருக்கிறது, அவருடைய தாய்மாமாவின் பழைய காரில் அதை ஊற்றிச் சோதனை செய்துகொண்டிருக்கிறார்.

"பெட்ரோலு எங்கயோ இருந்து கப்பல்ல வரணும். கரும்பு நம்ம வரப்புலயே நிக்கிது. யோசிச்சுப் பாருங்க!" என்று கையை விரித்தார். பெண் பார்க்க வந்தவருக்குப் பெண்ணைப் பார்க்க நேரமே இல்லை. பெட்ரோலைவிட ஸ்பிரிட்டுக்குப் பசி அதிகம், அதனால் கார்புரேட்டரில் துளையைப் பெரிதாக்க வேண்டும், தண்ணீர் கலந்துவிட்டால் வண்டி படுத்துக்கொள்ளும் என்று அடுக்கிக்கொண்டே போனார். "ஒரே ஒரு கொறதான். குளுந்து கெடந்தா எந்திரிக்க மாட்டேங்கும். கொஞ்சம் பெட்ரோல் காட்டணும். இல்லாட்டி சுடுதண்ணித் துணிய வச்சு ஒத்தடம் குடுக்கணும்."

"எங்கப்பாவும் அப்படித்தான்" என்றேன் நான். "சுடச்சுடக் காப்பி காட்டலைன்னா எந்திரிக்கவே மாட்டாரு."

அவர் சிரித்தார். கிணற்றுக்குள் எதிரொலி கேட்கிற மாதிரி சிரித்தார். அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவரைத்தான் கட்டுவது, இல்லையென்றால் ஆளை விடுங்கள் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

"இத மாமாகிட்டயும் இப்பவே சொல்லிர்றேன்" என்று அவர் உள்ளே திரும்பினார்.

அம்மா கறிவேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "தம்பி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தாலி ஏறட்டும். மறுவீட்டு விருந்துல எலையப் போட்டுட்டு, பாயசம் ஊத்துறப்ப நானே மெள்ள எடுத்துச் சொல்றேன்."

அப்பாவிடம் விஷயத்தை எப்போது சொல்லலாம் என்பதில் அம்மாவுக்கு இருந்த அனுபவம் யாருக்கும் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மாடியிலிருந்து பார்த்தேன்

எண்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம். முதல்நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையைக் காரில் ஏற்றி, மேளதாளத்தோடு எங்கள் வீட்டு வாசலுக்கு அழைத்து வருவது வழக்கம். தாய்மாமாவின் கார் மேல்கூரையை மடித்துவிடுகிற பழைய மாடல். திண்டுக்கல் பூமார்க்கெட்டே அதன்மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி செவ்வந்தியும் சம்பங்கியும் சுற்றியிருந்தார்கள். மாமாதான் ஸ்டியரிங்கில்.

எனக்குப் பாதிச் சடைதான் பின்னியிருந்தது. பூ எடுத்து வருகிறேன் என்று போனவர்கள் வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். நான் மாடிக்கு ஏறிப் போய்க் கைப்பிடிச் சுவர் வழியாகத் தெருக்கோடியைப் பார்த்தேன்.

கோயில் முன்னால் கார் நின்றது. மாப்பிள்ளை இறங்கினார். மாலையைக் கழற்றி மாமா கையில் கொடுத்தார். டிக்கியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கேனை எடுத்து, டிக்கியை மூடி அதன் மேல் வைத்தார். ஒரு ரப்பர் டியூபை கேனுக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, டக்கென்று எடுத்து டேங்கில் சொருகிவிட்டு, தூவென்று துப்பினார். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக!

மோட்டார் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்வார்கள். புனல் பக்கத்திலேயே இருந்தாலும் கை டியூபுக்குத்தான் போகும். பெட்ரோல் என்றால் வாய் கொஞ்ச நேரம் நாறும், அத்தோடு போயிற்று. நடை வேகத்தில் போனால் எஞ்சின் ஸ்பிரிட்டில் எப்படி இழுக்கிறது என்று பார்க்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. ஊர்வலத்தைவிட மெதுவாகப் போகிற சோதனை எங்கே கிடைக்கும்? சொந்தக் கல்யாணத்திலும் சோதனை நடத்துகிற மனிதர் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தனியாக நின்று சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அந்த வாயோடு அவர் வந்து இறங்கப்போவது அப்பாவின் மூக்குக்கு முன்னால் என்பது அப்போதுதான் உறைத்தது.

கார் நகர்ந்தது. புகை அதிகமில்லை. ஆனால் வாசம்! புளிப்பும் இனிப்புமாக, சாராயக்கடையையே திறந்துவிட்ட மாதிரி அது தெரு நெடுக வந்தது. வழக்கமாக மேளக்காரர்கள் காருக்கு முன்னால்தான் போவார்கள். அன்றைக்குத் தவில்காரர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிக் காரின் பின்பக்கம் வந்து சேர்ந்துவிட்டார். நாதஸ்வரம் வழக்கத்தைவிட வேகம் பிடித்தது. கருப்பையா அண்ணன் புகைக்குழாயை ஒட்டியே, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு நடந்து வந்தார்.

"எத்தனையோ ஊர்வலம் பாத்திருக்கேன் அப்பு" என்று அவர் யாரிடமோ உருகியது மாடிவரை கேட்டது. "இம்புட்டுப் பக்தியா எதுலயும் நடந்ததில்ல."

பேச்செல்லாம் வேணாம்

வாசலில் ஆரத்தி முடிந்தது. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு மாப்பிள்ளையை நெருங்கினார். கை பாதியில் நின்றது. மூக்கு விரிந்தது.

"மாப்ள. ஊதுங்க."

"மாமா, நான் ஒரு விசயம் சொல்லிர்றேன், அது..."

"பேச்செல்லாம் வேணாம். ஊதுங்க."

பாவம், ஊதினார். அப்பா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"கல்யாணம் இல்ல. எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க."

தாய்மாமா ஸ்டியரிங்கிலிருந்து குதித்து வந்தார். "யாரப் பாத்து ஊதச் சொல்றீரு? வெத்தலையத் தவிர வாயில எதையும் வைக்காத புள்ளய்யா எங்க புள்ள! ஏறுடா பாலு, வண்டியத் திருப்புறேன்!"

"மாமா, செத்த இருங்க. டியூபுல வாய வச்சதுனாலதான்..." என்று மாப்பிள்ளை இரண்டு மாமாக்களுக்கும் நடுவில் நின்று கத்தினார்.

"குடிக்கிறவன் எல்லாம் எதுலயாச்சும் வாய வச்சுத்தான் குடிக்கிறான்" என்றார் அப்பா.

சண்டை ஏறியது. பெட்ரோமாக்ஸுக்கு ஒரு சுற்றுக் காற்றடித்தார்கள், அது இறங்கி மறுபடியும் அடித்தார்கள், சண்டை முடியவில்லை. அந்தப் பக்கம் அவமானம், இந்தப் பக்கம் சத்தியம். மாமா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் ஏறவில்லை. அவர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். சாணார்பட்டிக்காரர் போனபோது கேசரி தின்ற நான், இவர் போனால் பச்சைத்தண்ணி குடிக்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று பெண் வாசலுக்கு வரக்கூடாது. நான் வந்தேன். பாதிச் சடையோடு, படியெல்லாம் தடதடவென்று இறங்கி வந்தேன்.

"அப்பா! அவரை மட்டும் ஏன் ஊதச் சொன்னீங்க? காரையும் ஊதச் சொல்லுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார்.

"என்னத்தா பேசுற?"

"வாசம் எங்க இருந்து வருதுன்னு பாக்க வேணாமா? அதுவும் இந்த ஊர்வலத்துலதான வந்துச்சு? சபைக்கு வந்தவுக எல்லாரும் ஊதணும்னா அதுவும் ஊதட்டும்."

வேறு என்ன சொல்லியிருந்தாலும் அப்பா என்னை உள்ளே போகச் சொல்லியிருப்பார். நான் அவருடைய மூக்கைக் கூப்பிட்டுவிட்டேன். மூக்கைக் கூப்பிட்டால் அவரால் வராமல் இருக்க முடியாது. ஊர்வலம் வந்த திசையில் ஒருதரம் காற்றை இழுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"சரி. ஊதச் சொல்லுங்க" என்று காருக்குப் பின்னால் போய் மண்டி போட்டார்.

ஊத மறுத்த கார்

கார் ஊதவில்லை. மாமா சாவியைத் திருப்பினார். 'கர்... கர்...' என்று இருமியது, அடங்கியது. சண்டை நீண்டதில் தைப்பனியில் எஞ்சின் ஆறிப்போய்விட்டது. ஸ்டார்ட் செய்யக் காட்டுகிற பெட்ரோல் பாட்டிலும் காலி.

"பாத்தீகளா?" என்றார் அப்பா, மண்டி போட்டபடியே. "குத்தம் உள்ளவன்தான் ஊதத் தயங்குவான்."

"ஆமாண்ணே" என்றார் கருப்பையா அண்ணன். அவருக்குத் தெரியாததா?

"சுடுதண்ணி!" என்று மாப்பிள்ளையும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம். கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அம்மா எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. ரசத்துக்குக் கொதிக்க வைத்திருந்த தண்ணீரை அப்படியே குண்டானோடு தூக்கிக்கொண்டு சமையல் பந்தலிலிருந்து ஓடி வந்தாள். சமையல்காரர் கரண்டியோடு பின்னால் துரத்தி வந்தார். மாப்பிள்ளை பானட்டைத் திறந்து, பட்டு அங்கவஸ்திரத்தை உருவி வெந்நீரில் முக்கி, கார்புரேட்டருக்கு அடியில் சுற்றிச் சுற்றி ஒத்தடம் கொடுத்தார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு பிரியமாகக் கொடுக்கமாட்டார்கள்.

மாமா சாவியைத் திருப்பினார். கார் ஒரு தும்மல் தும்மியது. இன்னொன்று. பிறகு பிடித்துக்கொண்டது.

"ம்... ஊது" என்றார் அப்பா.

ஊதியது. அப்பாவின் முகத்திலேயே ஊதியது. அப்பா கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார். தலையைச் சாய்த்து இன்னொரு மூச்சு. சந்தேகத்துக்கு இடமில்லாமல் மூன்றாவது. எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, சபையில் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"குடிச்சிருக்கு."

தெரு வெடித்துவிட்டது. தவில்காரர் ஒரு தட்டுத் தட்டினார். அப்பா கையைக் காட்டி அடக்கினார்.

"கார் குடிச்சது சரி. மாப்ள வாயில எப்படி வந்துச்சு?"

மாப்பிள்ளை கேனையும் டியூபையும் கொண்டுவந்து காட்டினார். கரும்பு, ஆலை, பெர்மிட் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அப்பா முதல்முறையாகக் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார், அதுவும் நம்பாத சிரிப்பு.

"டியூபுல உறிஞ்சுனா வாயில வருமா? மாப்ள, சாயத்தொட்டியில இருந்து நான் எம்புட்டு வருசமா உறிஞ்சி எறக்குறேன் தெரியுமா? ஒரு சொட்டு நாக்குல பட்டதில்ல. உறிஞ்சுற பக்குவம் தெரியணும். இப்படிக் குடுங்க."

"மாமா, வேணாம். இது சாயத்தண்ணி மாதிரி இல்ல, ரொம்ப லேசு, சட்டுனு..."

"பேச்செல்லாம் வேணாம்."

டியூபை வாயில் வைத்தார். சாயத்தண்ணீரை இழுக்கிற பலத்தோடு ஓர் இழு இழுத்தார்.

அதற்கப்புறம் அப்பாவின் கண்கள் இருந்த அளவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. துப்பினார், இருமினார், ஒரு காலில் நின்று சுற்றினார். துப்பியது போக உள்ளே போனது எவ்வளவு என்று அவருக்கும் பிள்ளையாருக்கும்தான் தெரியும். மாப்பிள்ளை ஓடிப்போய்ச் சொம்புத் தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்க வைத்து, முதுகைத் தடவிவிட்டார்.

அப்பா நிமிர்ந்தபோது எதிரில் கருப்பையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். கையைக் கூப்பியிருந்தார். வாழ்க்கை முழுக்க இந்த நிமிடத்துக்காகத்தான் குளித்தேன் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"தலைவரே. ஊதுங்க."

"ஏலே கருப்பையா, அது டியூபுல..."

"பேச்செல்லாம் வேணாம்ணே. ஊதுங்க."

அப்பா ஊதினார். கருப்பையா அண்ணன் அவசரமே படாமல், கண்ணை மூடி, அப்பா செய்கிற மாதிரியே தலையைச் சாய்த்து மோந்தார். "நல்ல சரக்கு" என்றார். ஊரே தெருவில் உருண்டு சிரித்தது. கோபமாகக் காரில் உட்கார்ந்திருந்த தாய்மாமா ஹாரனில் தலையை வைத்துச் சிரித்ததில் ஹாரன் நிற்கவே இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நீங்க சொல்ல வந்தீக" என்றார். "நான் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிக் கோயிலைப் பார்த்து நடந்தார். கிணற்றில் ஒரு குடம் சேந்தி, பட்டு வேட்டியோடு, தைப்பனியில், தலையில் ஊற்றிக்கொண்டார். மாப்பிள்ளையும் பின்னாலேயே போய் ஒரு குடம் சேந்தினார். "உங்களுக்கு எதுக்கு மாப்ள?" என்று அப்பா தடுத்தார். "வாயில பட்டது பட்டதுதான மாமா" என்று இவரும் ஊற்றிக்கொண்டார். இரண்டு பேரும் சொட்டச் சொட்ட ஒரே கற்பூரத்தின் மேல் கை வைத்து நின்றபோது நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் வாசித்துவிட்டார். என் கணக்கில் எனக்குக் கல்யாணம் ஆனது அப்போதுதான். மறுநாள் மூன்றாவது முடிச்சுப் போடும்போது அவர் தும்மினார். முடிச்சு நல்லபடியாக விழுந்தது.

முதலில் சொல்லு

அந்தச் சோதனை ரொம்ப நாள் ஓடவில்லை. ஸ்பிரிட் காரின் பழைய ரப்பரையும் கார்க்கையும் அரித்துத் தின்றது. பெர்மிட் முடிந்தது, பீப்பாயும் தீர்ந்தது. இப்போது பெட்ரோலிலேயே எத்தனால் கலந்து ஊருக்கெல்லாம் ஊற்றுகிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் பங்க்கில் நிற்கும்போதெல்லாம் டேங்க் மூடிக்குக் கிட்டே குனிந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, எதையோ ஜெயித்த மாதிரி என்னைப் பார்ப்பார். பங்க்காரப் பிள்ளைகள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

சபை நின்றுபோகவில்லை. ஆனால் விதி மாறியது. அதற்கப்புறம் யார் வந்து நின்றாலும் அப்பா காதைக் கையால் குவித்துக்கொண்டு, "மொதல்ல சொல்லு. அப்புறம் ஊது" என்பார். கருப்பையா அண்ணன் அந்தச் சலுகையை எவ்வளவு பயன்படுத்திக்கொண்டார் என்பதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்த ஒருநாள், அப்பா ஒரு தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது, சாணார்பட்டி. அந்த அரிஷ்டக்காரருக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அப்பா அவர் வீட்டுக்குப் போய், "தம்பி, அன்னைக்கி வாசல்ல நீங்க என்னமோ சொல்ல வந்தீக. என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் சிரித்து, உட்காரவைத்து, வயிறு முட்டச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நானும் அப்பா வீட்டில்தான் இருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக் கழற்றினார். உள்ளே வரவில்லை. படிக்குக் கீழேயே நின்று, அம்மாவைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"அரிஷ்டம்" என்றார். "ரெண்டு மூடி. அந்தப் பையனோட அம்மாதான் குடுத்துச்சு. எனக்கு வயிறு உப்புசம்."

சொல்லிவிட்டு, ஊதினார்.